தேதி தெரியாத காலம்: பெருந்தொற்றும் ஆசிரியரின் பதற்றமும்

கோவிட்-19 பெருந்தொற்று பரவத் தொடங்கிய 2020-ஆம் ஆண்டின் முற்பகுதியில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் கல்வி நிலையங்கள் மூடப்பட்டு, ஏறக்குறைய 160 கோடி மாணவர்களின் படிப்பு தடைபட்டது என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. அந்த மாணவர்களைப் பற்றிப் பின்னர் ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. கற்றல் இழப்பு, இடைநிற்றல், குழந்தைத் திருமணம், ஊட்டச்சத்துக் குறைவு ஆகியவற்றைப் பற்றித் தனித்தனியே ஆய்வுகளும் நூல்களும் வெளிவந்துள்ளன. அவர்களுக்குக் கற்பித்துவந்த ஆறு கோடிக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் மனம் அக்காலத்தில் என்ன பாடுபட்டது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஆசிரியர் என்றால் மற்றவர்க்குத் தைரியம் சொல்ல வேண்டியவர் என்று பழகிவிட்ட சமூகத்துக்கு, அவருக்கும் ஒருவர் தைரியம் சொல்ல வேண்டியிருக்கும் என்பது எளிதில் தோன்றுவதில்லை. இச்சொற்பொழிவு தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்களை மையமாக வைத்து, அவர்களது பதற்றம் எதிலிருந்து பிறந்தது, எதனால் தணிந்தது என்ற இரண்டையும் ஆராய்கிறது. அவர்களை மிகுதியாக அலைக்கழித்தது, நாளை என்ன நடக்கும் என்பது தெரியாத நிலைதான் என்பதும், அந்நிலையில் அவர்களைத் தாங்கிப் பிடித்தது கைக்கு எட்டிய வேலையும் உடன் பணியாற்றியோரின் துணையுமே என்பதும் இதன் வாதம்.

பதற்றம் அச்சத்துக்கு நெருங்கிய உறவுடையது. எனினும் உளவியலார் இரண்டையும் பிரித்தே பார்க்கின்றனர். பாம்பைக் கண்முன் கண்டவருக்கு எழுவது அச்சம்; பாம்பு இருக்கக்கூடிய புதரை ஒட்டி இருட்டில் நடப்பவருக்கு எழுவது பதற்றம். நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து மொய்த்தல் ஆகியன அதன் அடையாளங்கள். சூழ்நிலையால் எழுந்து சூழ்நிலை மாறியதும் தணியும் பதற்றம் ஒரு வகை, ஒருவரது இயல்பிலேயே படிந்திருக்கும் பதற்றம் மற்றொரு வகை என அமெரிக்க உளவியலாளர் சார்லஸ் ஸ்பீல்பெர்கர் வேறுபடுத்திக் காட்டினார். பெருந்தொற்றுக் காலத்தில் ஆசிரியர்களிடம் பெரும்பாலும் காணப்பட்டது முதல் வகையாகும். அதை அவர்களுடைய மனப்பலவீனமாகக் கருதுவது, மழையில் நனைந்தவரின் உடலையே குறை சொல்வதற்கு ஒப்பாகும்.

ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் ஆகிய இருவரும் 1984-இல் வெளியிட்ட நூல் ஒன்று, மன நெருக்கடி பற்றிய ஆய்வுகளுக்கு இன்றும் அடித்தளமாக விளங்குகிறது. ஒரு நெருக்கடி வந்ததும் மனம் இரண்டு மதிப்பீடுகளைச் செய்கிறது என்பது அவர்களது கருத்து. இதனால் தனக்கு என்ன ஆபத்து என்பது முதல் மதிப்பீடு. இதை எதிர்கொள்ளத் தன்னிடம் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது மதிப்பீடு. முதலாவதன் விடை பெரிதாகவும் இரண்டாவதன் விடை சிறிதாகவும் அமையும்போது பதற்றம் மிகுகிறது. அதைச் சமாளிக்கும் முயற்சிகளையும் அவர்கள் இரு வகையாகப் பிரித்தனர்: சிக்கலையே மாற்ற முனைவது ஒன்று, சிக்கலை மாற்ற முடியாதபோது அதனால் எழும் உணர்ச்சியைத் தணிக்க முனைவது மற்றொன்று. இவற்றுள் முதலாவதே உயர்ந்தது என்று கருதிவிடக் கூடாது. மாற்றவே முடியாத ஒன்றோடு மல்லுக்கட்டுவதும் மனத்தை அரிக்கும் என்பதால், எந்த இடத்தில் எது பொருந்தும் என்று அறிவதே முக்கியம் என அவர்கள் கருதினர்.

தமிழ்நாட்டில் அந்த முதல் ஆண்டில் நடந்தவற்றை இந்த இரண்டு மதிப்பீடுகளோடு சேர்த்துப் பார்த்தால் பலவும் விளங்கும். 2020 மார்ச் மாதத்தின் நடுவில் பள்ளிகள் மூடப்பட்டபோது அது சில நாள் விடுமுறை என்றே எல்லாரும் எண்ணினர். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மார்ச் 27-இல் தொடங்கவிருந்த பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு ஒத்திவைக்கப்பட்டு, பிறகு ஜூன் 1 என்று அறிவிக்கப்பட்டு, பிறகு ஜூன் 15 என்று மாற்றப்பட்டு, இறுதியில் ஜூன் 9 அன்று ரத்து செய்யப்பட்டது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களுக்கு 80 விழுக்காடும் வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடும் அளித்து அனைவருக்கும் தேர்ச்சி வழங்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 16-இல் உயர் வகுப்புகள் திறக்கப்படும் என்ற அறிவிப்பு, அந்நாளுக்குச் சில நாள் முன்பு திரும்பப் பெறப்பட்டது. 2021 ஜனவரி 19 அன்று 10, 12-ஆம் வகுப்புகளும், பிப்ரவரி 8 அன்று 9, 11-ஆம் வகுப்புகளும் தொடங்கின. அதே பிப்ரவரி 25 அன்று 9, 10, 11-ஆம் வகுப்பு மாணவர் அனைவரும் தேர்ச்சி என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. மார்ச் மாதத்தில் அவ்வகுப்புகள் மீண்டும் மூடப்பட்டன. மே மாதம் இரண்டாம் அலை உச்சத்தை எட்டி மாநிலத்தின் ஒரு நாள் தொற்று 36,000-ஐக் கடந்தது; ஜூன் 5 அன்று பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வும் ரத்தானது.

இந்தத் தேதிகளின் வரிசையை ஒரு பத்தாம் வகுப்பு ஆசிரியரின் இடத்திலிருந்து படிக்க வேண்டும். ஒவ்வொரு புதிய தேதிக்கும் அவர் திருப்புதல் அட்டவணை ஒன்றைப் புதிதாகப் போட்டார். வகுப்பு மாணவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் பேசினார். ஊருக்குப் போய்விட்ட மாணவரைத் தேடிப் பிடித்தார். நுழைவுச்சீட்டைப் பற்றியும் பேருந்தைப் பற்றியும் பெற்றோர் கேட்டவற்றுக்கெல்லாம் தமக்கே விடை தெரியாத நிலையில் விடை சொன்னார். முடிவு மாறியபோது அதைப் பெற்றோர் அறிந்த அதே நொடியில், அதே தொலைக்காட்சிச் செய்தியில்தான் அவரும் அறிந்தார். கிருமியின் போக்கை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்பதால் தேதிகள் மாறியதற்காக எந்த அரசையும் குறை கூற இயலாது. ஆனால் முடிவைச் செயல்படுத்த வேண்டியவருக்கு அந்த முடிவு ஒரு நாள் முன்னதாகக்கூடத் தெரிவிக்கப்படாததை நோயின் கணக்கில் எழுத முடியாது. ஆசிரியரின் இரண்டாவது மதிப்பீடு, அதாவது தன்னிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வி, வெறுங்கையோடு திரும்பியதற்கு இது ஒரு பெருங்காரணம்.

வீட்டுக்குள் நடந்ததும் சிறிதன்று. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கப்பட்டிருந்ததால் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஒரு பிடிமானம் இருந்தது. பாடங்கள் அதில் ஒளிபரப்பாயின. ஆனால் பாடத்தைப் பார்த்தார்களா, புரிந்ததா, எழுதினார்களா என்று கேட்கும் வேலை ஆசிரியரின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. கிராமத்துப் பிள்ளைக்குக் கைப்பேசி என்பது பெரும்பாலும் அப்பாவின் கைப்பேசி. அவர் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பிய பிறகே அது பிள்ளையின் கைக்குக் கிடைத்தது. ஆகவே வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடப் படங்கள் இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை வந்து குவிந்தன: மங்கலான வெளிச்சத்தில் எடுக்கப்பட்ட நோட்டுப் பக்கம், பாதி விரல் மறைத்த கணக்கு, தலைகீழான வரைபடம். மாமியார் தூங்கிய பின், மறுநாள் காலைச் சமையலுக்குக் காய் நறுக்கி வைத்த பின், அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்து, குரல் பதிவில் திருத்தம் சொன்ன ஆசிரியைகளின் உழைப்பு எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அவர்களுடைய சொந்தப் பிள்ளைகளும் அதே நேரத்தில், அதே கைப்பேசியைத் தங்கள் வகுப்புக்காகக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் 1983-இல் முன்வைத்த உணர்ச்சி உழைப்பு என்ற கருத்து இங்கே பொருந்துகிறது. வேலையின் பொருட்டு உள்ளே ஓர் உணர்ச்சியை அடக்கி வெளியே மற்றோர் உணர்ச்சியைக் காட்டுவதும் உழைப்புத்தான், அதற்கும் உடலும் மனமும் விலை கொடுக்கின்றன என்பது அதன் சாரம். வீட்டில் இருவருக்குக் காய்ச்சல் இருக்கையில் திரையின் முன் சிரித்த முகத்தோடு அமர்ந்து பாடம் நடத்திய ஆசிரியர் அந்த விலையைக் கொடுத்தார். வகுப்பறையில் மாணவர் முகம் பார்த்து, ஒரு தலையசைப்பில் ஊக்கம் பெற்று அடுத்த வரிக்குச் செல்வது ஆசிரியரின் வழக்கம். அணைத்து வைக்கப்பட்ட கேமராக்களின் கறுப்புக் கட்டங்களை நோக்கிப் பேசியபோது கொடுத்தது மட்டும் இருந்தது, திரும்பி வந்தது எதுவும் இல்லை.

பள்ளிக்கு வெளியே சுமத்தப்பட்ட பணிகள் வேறு. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு ஆசிரியர்களைக் கல்வி சாராத பணிகளில் ஈடுபடுத்துவதைத் தடை செய்கிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கும் விலக்கு அளிக்கிறது. பெருந்தொற்றில் இந்த விலக்கு முழுமையாகப் பயன்பட்டது. சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் பெற்றோரிடம் வழங்கப்பட்ட நாட்களில் பள்ளி வளாகத்தில் சுண்ணாம்பு வட்டங்களுக்குள் வரிசை நின்றது. பதிவேட்டில் கையொப்பமோ கைநாட்டோ பெற்றுக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டபடி ஆசிரியர்கள் நின்றனர். வீடு திரும்பிய பின் கொல்லைப்புறத்தில் குளித்து, உடையை வெந்நீரில் ஊறப்போட்டு, கைப்பேசியைக் கிருமிநாசினியால் துடைத்து, கபசுரக் குடிநீரைக் குடித்த பிறகே முதியவர்கள் இருந்த அறைக்குள் போனவர்கள் பலர். 2021 ஏப்ரல் 6 அன்று நடந்த சட்டமன்றத் தேர்தலில் மாலை கடைசி ஒரு மணி நேரம் தொற்றுள்ள வாக்காளர்களுக்கென ஒதுக்கப்பட்டது. வாக்குச்சாவடியில் பணியிலிருந்த ஆசிரியர்கள் அந்த நேரத்துக்காக முழுக் கவச உடையை அணிந்தனர்.

அதே மாதத்தில் உத்தரப் பிரதேசத்தில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அத்தேர்தல் பணியைத் தொடர்ந்து 1,621 ஆசிரியர்களும் பணியாளர்களும் தொற்றால் இறந்தனர் என்று ஆசிரியர் சங்கம் பட்டியல் அளித்தது. மாநிலக் கல்வித் துறை முதலில் ஏற்றுக்கொண்டது மூன்று இறப்புகளை மட்டுமே. பணி முடிந்த 30 நாட்களுக்குள் இறந்தோரின் குடும்பங்களுக்கும் நிவாரணம் உண்டு என்று விதி பின்னர் மாற்றப்பட்டது. இச்செய்தியை நாளிதழில் படித்த ஆசிரியர் ஒருவருக்கு எழுந்த பதற்றத்தை மிகையானது என்று எந்த உளவியலும் சொல்லாது. அது சரியான கணிப்பு.

சமாளித்த வழிகளுக்கு வரும்போது ஓர் ஆய்வு தனிக் கவனத்துக்குரியது. பீட்டர் மெக்கின்டயர், டாமி கிரெகர்சன், சாரா மெர்சர் ஆகியோர் 2020-இல், இணையவழிக்குத் திடீரென மாறிய 600-க்கும் மேற்பட்ட மொழி ஆசிரியர்களைப் பல நாடுகளிலிருந்து திரட்டி ஆராய்ந்தனர். சமாளிப்பு முறைகளை, சிக்கலை நோக்கிச் செல்பவை, சிக்கலிலிருந்து விலகிச் செல்பவை என அவர்கள் பகுத்தனர். திட்டமிடுதல், பிறரிடம் உதவி கேட்டல், நிலைமையை ஏற்றுக்கொள்ளுதல், வேறு கோணத்தில் பார்த்தல் ஆகியன முதல் வகையைச் சேர்ந்தவை. மறுத்தல், கைவிடுதல், தன்னைத்தானே பழித்துக்கொள்ளுதல் போன்றவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. நெருக்கடி குறைந்தவர், மிகுந்தவர் ஆகிய எல்லாரும் முதல் வகையைக் கையாண்டனர். ஆனால் நெருக்கடி மிகுந்தோரிடம் இரண்டாம் வகை கூடிக்கொண்டே போனது, அதனோடு பதற்றமும் சினமும் தனிமை உணர்வும் சேர்ந்தே காணப்பட்டன. ஆகவே நல்ல வழிகளை அறியாததால் ஆசிரியர்கள் துன்புற்றனர் என்று சொல்ல இயலாது. அவர்கள் அறிந்திருந்தனர், செய்தும் வந்தனர். சுமை ஓர் எல்லையைத் தாண்டியபோது தப்பிக்கும் வழிகளும் உடன் சேர்ந்துகொண்டன.

தமிழ்நாட்டில் இந்த முதல் வகை எடுத்த வடிவங்கள் பாராட்டுக்குரியவை. கைப்பேசி இல்லாத பிள்ளைகளைத் தேடி ஆசிரியர்கள் அவர்கள் தெருவுக்கே போனார்கள். மாரியம்மன் கோயில் திண்ணையிலும் வேப்பமரத்தடியிலும் பத்துப் பதினைந்து பிள்ளைகளை இடைவெளி விட்டு அமர வைத்து, சுவரில் சாய்த்த சிறு கரும்பலகையில் பாடம் நடத்தினர். யாரும் இதை உத்தரவிடவில்லை. நோய்த்தொற்றுக்கு ஆளாகும் ஆபத்து இதனால் கூடியதே தவிரக் குறையவில்லை. இருந்தும் அவ்வாறு சென்றவர்களின் மனம் அமைதி பெற்றது என்றால், அதற்குக் காரணம் இரண்டாவது மதிப்பீட்டுக்கு விடை கிடைத்ததுதான். எழுத்துக்கூட்டத் தடுமாறிய பிள்ளை ஒரு வாக்கியத்தைப் படித்து முடிப்பதைக் கண்ணால் காண முடிந்தது. எந்த அறிவிப்பாலும் மாற்றிவிட முடியாத பலன் அது. ஆபத்தின் அளவைவிட, அதன் முன் செயலற்று இருப்பதே பதற்றத்தை மிகுதியாக வளர்க்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

உடன் பணியாற்றுவோரின் துணையும் அத்தகையதே. ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறையில் தேநீரோடு கொட்டித் தீர்க்கும் குறைகள், பார்ப்பதற்கு வெறும் புலம்பலாகத் தோன்றினாலும், தொழில்சார்ந்த மருந்தாகவே செயல்பட்டுவந்தன என்பது அந்த அறை பூட்டப்பட்ட பிறகுதான் உணரப்பட்டது. அதன் இடத்தைச் சக ஆசிரியர்களின் சிறு குழுக்கள் பிடித்தன. கூகுள் மீட்டில் இணைவது எப்படி என்று இளைய ஆசிரியர் மூத்தவருக்குக் கற்றுக்கொடுத்ததும், அடங்காத பிள்ளையின் வீட்டில் எப்படிப் பேசுவது என்று மூத்தவர் இளையவருக்குச் சொன்னதும் அங்கேதான். ஓய்வு பெறச் சில ஆண்டுகளே இருந்த ஆசிரியர் ஒருவர் தம் மகள் வயதுடையவரிடம் கேட்டுக் கற்கக் கூசாத பள்ளிகளில் தொழில்நுட்பத்தால் வந்த பதற்றம் விரைவில் அடங்கியது. மாறாக, தொற்று எண்ணிக்கையைப் பரப்புவதற்கும் இரங்கல் செய்தி இடுவதற்கும் மட்டுமே பயன்பட்ட குழுக்கள் பதற்றத்தை வளர்த்தன.

உணர்ச்சியைத் தணிக்கும் வழிகளும் தம் அளவில் பயன் தந்தன. மாடித் தோட்டம், மூச்சுப் பயிற்சி, பிரார்த்தனை, பழைய பாடல்கள், செய்திச் சேனலை ஒரு வேளையோடு நிறுத்திக்கொள்ளுதல் ஆகியவற்றால் பலர் தூக்கத்தை மீட்டனர். ஒன்றிய அரசு 2020 ஜூலையில் தொடங்கிய மனோதர்பன் திட்டம் மாணவர்களோடு ஆசிரியர்களுக்கும் தொலைபேசி ஆலோசனை வழங்கியது. ஆனால் நாள் முழுவதும் திரையின் முன் இருந்தவருக்கு, மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று மாலையில் கட்டாய இணையவழிப் பயிற்சி நடத்துவதை ஆறுதல் என்று ஏற்க முடியாது; அதற்கும் வருகை எடுக்கப்பட்டால் அது மற்றொரு சுமையே.

எந்த மனப்பயிற்சியாலும் தீராத ஒரு துயரமும் இருந்தது. தனியார் பள்ளி ஆசிரியர்கள், குறிப்பாகச் சிறு நகரங்களின் மழலையர் பள்ளிகளிலும் மெட்ரிக் பள்ளிகளிலும் பணியாற்றிய பெண்கள், சம்பளத்தின் பாதியையும் பல மாதங்களில் முழுவதையும் இழந்தனர். பெற்றோரின் வருமானம் நின்றதால் கட்டணம் வரவில்லை. கட்டணம் வராததால் சம்பளம் இல்லை. ஆண்டுக் கட்டணத்தில் 75 விழுக்காட்டை மட்டும் இரு தவணைகளாகப் பெறலாம் என்று 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்ததும் எல்லாப் பள்ளிகளின் சம்பளப் பட்டியலையும் சென்றடையவில்லை. முதுகலையும் பி.எட்.டும் முடித்தவர்கள் நூறு நாள் வேலைக்குச் சென்றனர், காய்கறி விற்றனர், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தனர். தெலங்கானா மாநிலம் 2021 ஏப்ரலில், அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் வழங்கும் திட்டத்தை அறிவித்தது. தொகை சிறிதுதான், ஆயினும் ஒரு மாநிலம் அவர்களையும் ஆசிரியர்கள் என்று எண்ணியதன் அடையாளம் அது. வாடகை பாக்கி இருப்பவரின் பதற்றத்துக்கு வாடகைப் பணமே மருந்து என்பதை உளவியல் பேசுவோர் கூச்சமின்றி ஒப்புக்கொள்ள வேண்டும்.

பள்ளி திறந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்ற எதிர்பார்ப்பும் நிறைவேறவில்லை. தொற்றின் தொடக்கத்தில் சீனாவில் 88,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஏறத்தாழ 14 விழுக்காட்டினரிடம் பதற்றத்தைக் கண்டது. 2020 செப்டம்பரில் ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் பகுதியில் பள்ளிகள் திறந்தபோது எடுக்கப்பட்ட ஆய்விலோ ஏறத்தாழ பாதிப் பேரிடம் அது காணப்பட்டது. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்களைப் பயன்படுத்தியவை என்பதால் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட இயலாது. ஆனால் திரும்பி வருவதும் ஒரு நெருக்கடியே என்பது புலனாகிறது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரையிலான வகுப்புகளும், நவம்பர் 1 அன்று 1 முதல் 8 வரையிலான வகுப்புகளும் திறந்தபோது, ஆசிரியர் எதிர்கொண்டது முகக்கவசத்தால் பாதி மறைந்த முகங்களை. மூன்றாம் வகுப்பு இருக்கையில் அமர்ந்திருந்த பிள்ளை முதல் வகுப்பையே முழுமையாகக் கண்டதில்லை. பருத்தி ஆலைக்கும் பட்டாசு ஆலைக்கும் போய்விட்ட மாணவர்களின் பெயர்கள் பதிவேட்டில் பதிலின்றி நின்றன. பணியறையில் சில நாற்காலிகள் இறந்துபோனவர்களுடையவை. அவர்களுக்காக ஒரு நாள் கூடி அழவும் நேரம் தராமல் இணைப்புப் பாடப் பயிற்சியும் கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பான எமிஸ் தளத்தில் பதிவேற்ற வேண்டிய விவரங்களும் வரிசையில் நின்றன. அக்டோபர் 27 அன்று தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டது, ஆசிரியரின் தோளிலிருந்து ஒரு பகுதிச் சுமையையேனும் இறக்கியது.

சூழ்நிலையால் எழுந்த பதற்றம் எப்போது மருத்துவ உதவியை வேண்டுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மருத்துவர்கள் பயன்படுத்தும் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு படிவம், கடந்த இரண்டு வாரங்களில் கவலையை நிறுத்த முடியாமை, அமைதியின்மை, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற அச்சம் போன்றவை எத்தனை நாட்கள் இருந்தன என்று கேட்டு 21-க்கு மதிப்பெண் இடுகிறது. பத்தோ அதற்கு மேலோ பெற்றவர் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. தமிழ்நாட்டில் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண் இப்போது இருபத்து நான்கு மணி நேரமும் மனநல ஆலோசனை வழங்குகிறது. அந்த எண்ணை மாணவர்களுக்காகப் பள்ளிச் சுவரில் எழுதும் ஆசிரியர்கள், அது தங்களுக்கும் உரியது என்பதை மறக்கக் கூடாது.

கல்வித் துறையிடம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் சில உள்ளன. அடுத்த பேரிடருக்கு முன்பே, தேர்வையும் பள்ளித் திறப்பையும் பற்றிய முடிவுகள் ஊடகங்களுக்குச் செல்லும் முன் தலைமை ஆசிரியர்களைச் சென்றடையும் ஒழுங்கு வகுக்கப்பட வேண்டும். பேரிடர்ப் பணியில் ஈடுபடுத்தப்படும் ஆசிரியருக்குத் தடுப்பூசியும் காப்பீடும் பணி ஆணையோடு சேர்ந்தே வர வேண்டும். தனியார் பள்ளி ஆசிரியரின் குறைந்தபட்ச ஊதியம் பள்ளி மூடியிருக்கும் மாதங்களிலும் காக்கப்படச் சட்ட வழி காணப்பட வேண்டும். இரவு எட்டு மணிக்குப் பிறகு ஆசிரியரின் கைப்பேசி அவருடையது என்பது சுற்றறிக்கையாக வெளிவர வேண்டும். இவற்றுள் எதற்கும் பெருந்தொற்று வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.